லேத் பட்டறையில் விரலும் கண்ணும் தப்ப: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஷட்டருக்குப் பின்னால், இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் ஓடுகிற சத்தம் கேட்கும். பம்புக்கு ஷாஃப்ட் (சுழல்தண்டு), வெட் கிரைண்டருக்கு உதிரிபாகம், மோட்டாருக்கு ஸ்டாம்பிங் என்று எல்லாம் ஜாப் ஆர்டர்தான். மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், தகடு அடிக்கும் ஒரு பிரஸ், மூலையில் வெல்டிங் செட், ஐந்தாறு ஆட்கள். பெரிய கம்பெனி என்றால் பாதுகாப்புக்கென்று ஓர் அதிகாரி இருப்பார், பயிற்சி வகுப்பு நடக்கும். இங்கே இரண்டும் கிடையாது. இருபத்திரண்டு வருடம் இந்த மாதிரிப் பட்டறைகளில் நின்ற என்னிடம், வேலைக்குச் சேர்ந்த தம்பிகளும் சில முதலாளிகளும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

கவனமாக வேலை செய்தால் போதாதா? இத்தனை ஏற்பாடு எதற்கு?

போதாது. என் இடது கை மோதிர விரலுக்கு நுனி கிடையாது. அது போன அன்று நான் தூங்கி வழியவும் இல்லை, போன் பேசிக்கொண்டிருக்கவும் இல்லை. இரவு எட்டரை மணி. காலையில் வண்டி வரும், இருநூறு பீஸ் பாக்கி. மதியம் பெல்ட் மாற்றியவர் அதன் மூடியைத் திருப்பி மாட்டாமல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். கீழே விழுந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்தவன், எழும்போது கையை எதில் ஊன்றுகிறேன் என்று பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

பத்து மணி நேரம் ஒரே வேலையைச் செய்கிற யாருக்கும் ஒரு நொடி கவனம் தப்பத்தான் செய்யும். அப்போது கை போகிற இடத்தில் மூடி இருக்கிறதா, இல்லையா? மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். "பார்த்து வேலை செய்" என்று சொல்லக் காசு செலவாகாது. அதனால் எல்லோரும் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை, கவனம் தப்பினாலும் விரல் தப்புவதற்கான வழிகள்.

கடையும்போது சுருண்டு வரும் இரும்புச் சீவல் கையைக் கிழிக்கிறது, சுடவும் செய்கிறது. லேத்தில் கையுறை போட்டுக்கொண்டால் என்ன?

போடவே கூடாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு இதுதான். பாதுகாப்பு என்றாலே கையுறை, ஹெல்மெட் என்று மனதில் பதிந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட் 600 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்றால், நொடிக்குப் பத்துச் சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 157 மில்லிமீட்டர் துணியை இழுக்கும். ஏதோ மாட்டிவிட்டது என்று மூளைக்குத் தெரிந்து கையைப் பின்னால் இழுக்கக் குறைந்தது 0.2 நொடி ஆகும். அதற்குள் இரண்டு சுற்று முடிந்து, ஓர் அடி நீளத் துணி ஷாஃப்டில் சுற்றியிருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள், அதுவே ஓர் அடி வராது. வெறும் விரல் பட்டால் தோல் உரியும், பெரும்பாலும் கை வெளியே வந்துவிடும். கையுறை மாட்டினால் கையோடு சேர்த்து இழுக்கும்.

முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு, லுங்கி, மோதிரம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறும் அப்படித்தான். பழனியில் கட்டியதை அவிழ்க்க மாட்டேன் என்று ஒரு தம்பி பிடிவாதமாக நின்றான். அவன் அம்மாவிடம் பேசி, கயிறைக் கழுத்துச் செயினில் முடிந்து சட்டைக்குள் போட வைத்தோம். ஓடுகிற மெஷினைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர் உடம்போடு ஒட்டிய உடைதான் போட வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. டிரில்லிங் மெஷினிலும் கையுறை ஆகாது.

சீவலைக் கொக்கிக் கம்பியால் இழுங்கள், பிரஷ்ஷால் தள்ளுங்கள். கம்பி வளையமாக முடியாமல், விரலை மாட்டாத நேரான கைப்பிடியோடு இருக்க வேண்டும். எமரித் தாளை விரலில் சுற்றிப் பிடித்து ஷாஃப்டில் தேய்க்காதீர்கள். ஒரு மரத்துண்டில் வைத்துத் தேய்த்தால் அதே மினுமினுப்பு வரும். கையுறைக்கு வேறு இடம் இருக்கிறது: தகடு தூக்கும்போது, வார்ப்பு இறக்கும்போது, சீவல் அள்ளும்போது. எல்லாம் மெஷின் நின்ற பிறகு.

லேத்தில் பீஸைக் கவ்விப் பிடிக்கும் சக்கை இறுக்கிய சக் கீயை, சக்கிலேயே விட்டுவிட்டு ஆன் செய்துவிட்டேன். நல்லவேளை, பறந்த கீ யார் மேலும் படவில்லை.

அடுத்த தடவையும் படாது என்று சொல்ல முடியாது. கையை எடுத்தால் தானே வெளியே தள்ளிக்கொள்ளும் ஸ்பிரிங் வைத்த சக் கீ விற்கிறார்கள், வாங்கிவிடுங்கள். பழைய கீயே போதும் என்றால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: கீ உங்கள் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆணியில் தொங்க வேண்டும். அதற்கு மூன்றாவது இடம் கிடையாது.

இதோடு சேர்த்து ஒன்று. நீளமான கம்பியை லேத்தின் குழல் போன்ற ஸ்பிண்டில் வழியாகப் பின்னால் நீட்டிவிட்டு வேகத்தைக் கூட்டுகிறார்கள். தாங்கல் இல்லாத கம்பி வளைந்து சாட்டை மாதிரி சுழற்றி அடிக்கும். பின்னால் நடந்து போகிறவருக்கு அது வருவதே தெரியாது.

ஆங்கிள் கிரைண்டரில் வீலை மறைக்கும் கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டலாமா? சின்ன வீல் உள்ளே எட்டவில்லை.

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, எல்லோரும் கேட்காமலே செய்துவிடுகிறார்கள். அதனால் நானே போட்டுவிட்டேன்.

4 இஞ்சு கிரைண்டர் சுமையில்லாமல் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று. 7 இஞ்சு கட்டிங் வீலின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், 8,500 ஆர்பிஎம் அளவில் இருக்கும். பக்கத்திலேயே 80 மீ/நொடி என்றும் போட்டிருக்கும். விளிம்பு அதற்கு மேல் வேகமாகப் போனால் வீல் தாங்காது என்று அர்த்தம். 7 இஞ்சு வீலை 11,000-ல் ஓட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும், அதாவது மணிக்கு 370 கிலோமீட்டர். அந்த வேகத்தில் உடைகிற வீலின் துண்டு எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கார்டு இருந்திருந்தால் உங்கள் பக்கம் வராது. பெரிய வீல் நுழையவேண்டும் என்றுதானே அதைக் கழற்றினீர்கள்? வீலும் தாங்காது, தடுக்கவும் ஒன்றும் இல்லை.

மரம் அறுக்கிற பல் பிளேடை இதில் மாட்டுவது இன்னும் மோசம். பல் ஓரிடத்தில் பிடித்த மறுகணம் கிரைண்டர் திருப்பி அடிக்கும், தொடையிலோ கழுத்திலோ பாயும். அதை வைத்து ஒரு வேலையும் செய்யாதீர்கள்.

பெஞ்ச் கிரைண்டருக்கு வருவோம். புது வீலை மாட்டும் முன் ஒரு விரலில் தொங்கவிட்டு ஸ்குரூடிரைவர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல வீல், பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அப்பளம் வாங்கும்போதுகூட முறிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். மாட்டிய பிறகு பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். டூலைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. வீல் தேயத் தேய இடைவெளி வளரும், யாரும் கவனிப்பதில்லை, ஒரு நாள் டூல் உள்ளே சொருகி வீல் உடையும். அலுமினியத்தை அதில் தேய்க்காதீர்கள், துளைகள் அடைத்துக்கொள்ளும்.

பவர் பிரஸ்ஸில் சென்சார் மாட்டிவிட்டால் கை தப்பிவிடுமா?

எந்த பிரஸ் என்பதைப் பொறுத்தது. விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

நம் ஊர்ப் பட்டறைகளில் இருக்கிற பழைய மெக்கானிக்கல் பிரஸ்களில் பெரும்பாலானவை கீ கிளட்ச் வகை. பெடலை மிதித்ததும் கீ எனும் ஆப்பு விழுந்து, சுழலுகிற ஃப்ளைவீலோடு ஷாஃப்ட் கோத்துக்கொள்ளும். ராம், அதாவது மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம், கீழே போய் மேலே வந்து முழுச் சுற்று முடியும்வரை அதை நிறுத்த முடியாது. ஒளித்திரை சென்சார் உங்கள் கையைப் பார்த்துவிட்டால்கூட என்ன செய்யும்? ராமை நடுவழியில் நிறுத்தக்கூடிய நியூமேட்டிக் கிளட்ச்-பிரேக், ஹைட்ராலிக் பிரஸ்களுக்குத்தான் அது பிரயோஜனம். கீ கிளட்ச்சில் சென்சார் மாட்டினால் ஆபரேட்டருக்குப் பொய்யான தைரியம் வரும். அது இன்னும் ஆபத்து.

கீ கிளட்ச்சுக்குச் சரியானது, தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டையைச் சுற்றிலும் போல்ட் போட்டு மூடிய கூண்டு. தகடு நுழைகிற அளவுக்குத்தான் சந்து விட வேண்டும், விரல் நுழையக்கூடாது. கூண்டு போட முடியாத வேலை என்றால் பீஸை வைக்கவும் எடுக்கவும் இடுக்கி, காந்தம், உறிஞ்சு கோப்பை, சரிவுத் தட்டு என்று ஏதாவது செய்ய வேண்டும். டைக்குள் கை போகாமலே வேலை நடக்கும்படி டையைச் செய்வதில்தான் டூல் ரூம்காரரின் திறமை இருக்கிறது.

"ஒரு தடவைதான் மிதித்தேன், இரண்டு தடவை இறங்கியது" என்று அடிபட்டவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். கீ, அதன் ஸ்பிரிங், பிரேக் லைனிங் எதுவாவது தேய்ந்திருந்தால் ராம் இரண்டாவது தடவை தானாக இறங்கும். அப்போதுதான் கை உள்ளே பீஸை எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை அப்படி நடந்தாலே, ஆர்டர் எவ்வளவு அவசரமானாலும் அந்த பிரஸ்ஸை நிறுத்திவிடுங்கள். பெடலுக்கு மேல் கூடு மாதிரி ஒரு தகட்டு மூடி வையுங்கள், இல்லையென்றால் மேலிருந்து பீஸ் விழுந்து பெடல் அமுங்கிவிடும். செட்டிங் செய்யும்போது ராமுக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுங்கள்.

வெல்டிங் செய்த அன்று ராத்திரி கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்துகிறது. தாய்ப்பால் விடலாமா?

வேண்டாம். உருளைக்கிழங்கு வில்லையும் வேண்டாம். ஆர்க்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டது. வெயிலில் தோல் கன்றிப்போவது மாதிரிதான். ஆறு, எட்டு மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும் என்பதால் எல்லோரும் நள்ளிரவில் எழுந்து உட்காருகிறார்கள். இருட்டறை, மூடிய கண்மேல் குளிர்ந்த ஈரத்துணி, கண்ணைத் தேய்க்காமல் இருப்பது, காலையில் கண் டாக்டர். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். வலி தெரியாது, புண் ஆறாது.

ராடு வெல்டிங்குக்கு 10 அல்லது 11-ம் எண் கண்ணாடி வேண்டும். வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி உதவாது. இரண்டு பீஸை ஒட்டவைக்கச் சின்ன டேக் போடும்போது கண்ணை மூடிக்கொள்கிற வித்தையும் உதவாது. ராடு பிடிப்பவரைவிடப் பக்கத்தில் பீஸைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஹெல்பருக்குத்தான் இது அதிகம் வருகிறது. அவருக்கும் ஒரு ஷீல்டு கொடுங்கள்.

கிரைண்டிங் பொறி கண்ணில் போனால், கைக்குட்டை முனையாலோ பஞ்சு சுற்றிய தீக்குச்சியாலோ எடுத்துவிடுகிற "எக்ஸ்பர்ட்" ஒவ்வொரு பட்டறையிலும் இருப்பார். அவரிடம் போகாதீர்கள். இரும்புத் துகள் கருவிழியில் பதிந்தால் சுற்றிலும் துருப்பிடிக்கும். சுத்தமான தண்ணீரால் கழுவியும் வரவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

ஜிஐ பைப் வெல்டிங் செய்தால் சாயங்காலம் காய்ச்சல் வருகிறது. பால் குடித்தால், வெல்லம் சாப்பிட்டால் சரியாகுமா?

மேலே பூசியிருக்கும் துத்தநாகம் எரிந்து வருகிற வெள்ளைப் புகைதான் காரணம். குளிர், உடம்புவலி, வாயில் ஒரு இரும்புச் சுவை. அடுத்த நாளே போய்விடும். தினமும் செய்கிறவருக்கு உடம்பு பழகியதுபோல் தோன்றும், ஞாயிறு லீவு விட்டுத் திங்கள் வந்தால் மறுபடி காய்ச்சல். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போயிருக்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. பஞ்சாலையிலும் ஃபவுண்டரியிலும் தூசுக்கு வெல்லம், வாழைப்பழம் கொடுக்கிறார்களே, அதற்கும் இதே பதில். சாப்பிடுங்கள், நல்லதுதான். மாஸ்க்குக்குப் பதிலாக வேண்டாம்.

வெல்ட் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். புகை முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் போகும்படி ஃபேனையோ உறிஞ்சியையோ வையுங்கள். வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் அறிவித்துவிட்டது.

ஃபவுண்டரியில் மணல் தட்டி, வார்ப்பைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசு நுரையீரலில் தங்கி அதை இறுக வைத்துவிடும். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. கர்சீப் கட்டினால் அது நிற்காது. குறைந்தது என்95 வேண்டும், தரையைப் பெருக்கும் முன் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

காலி டிரம்மைக் கேஸ் கட்டிங்கில் வெட்டித் தொட்டி செய்யலாமா?

தின்னர், பெயிண்ட், ஆயில், பெட்ரோல் இருந்த டிரம்மில் நெருப்பு வைக்காதீர்கள். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் ஆபத்தானது. உள்ளே ஒட்டியிருக்கிற மிச்சம் சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கலந்து வெடிக்கும். ஒரு தடவை கழுவினேன் என்பதை நம்ப வேண்டாம்.

ஆக்சிஜன் ரெகுலேட்டரை எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் எண்ணெய், கிரீஸ் தானாகவே பற்றிக்கொள்ளும். அசிட்டிலீன் சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலி போட்டு வையுங்கள், படுக்க வைத்து ஓட்டக்கூடாது.

வேலை முடிந்ததும் ஏர் ஹோஸில் உடம்புத் தூசியை ஊதிக்கொள்கிறோம். அதில் என்ன தப்பு?

துகள் கண்ணிலும் காதிலும் போகும். தோலில் சின்னக் காயம் இருந்தால் காற்று உள்ளே புகும். அப்புறம் விளையாட்டு. கூட வேலை செய்கிறவரின் பின்பக்கம் ஹோஸை வைத்து ஊதி, குடல் கிழிந்து ஆள் இறந்த செய்திகள் நம் நாட்டுப் பத்திரிகைகளில் பல தடவை வந்திருக்கின்றன. எங்கள் பட்டறையில் இதற்கு மட்டும் எச்சரிக்கை கிடையாது, அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவோம்.

மெஷின் ரிப்பேர் பார்க்கும்போது யாராவது தெரியாமல் சுவிட்ச் போட்டுவிட்டால்?

ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள். பழைய ஃபிட்டர்கள் இதைத்தான் செய்தார்கள், இன்றைக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. எம்சிபி போர்டு என்றால் பூட்டு போட்டுச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள். "கரண்ட் போடாதே" என்று கத்தினால் லேத் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

பிளக் இல்லாத ஒயரைச் சாக்கெட்டில் தீக்குச்சி வைத்துச் செருகுவது, எர்த் ஒயரை மடித்து உள்ளே விட்டுவிடுவது இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டு, மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எப்படியும் எல்லா மெஷினையும் துடைக்கிறோம். அன்றைக்கே கழற்றிப் போட்ட மூடிகளைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டுச் சந்தனம் வைக்கலாம். மறுநாள் ஸ்டார்ட் செய்யும் முன் மாலையையும் மாவிலைத் தோரணத்தையும் எடுத்துவிடுங்கள்.

காது மந்தமாகி வருகிறது. வயசா, சத்தமா?

கை எட்டுகிற தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம்தான். எட்டு மணி நேர வேலைக்கு நம் விதிகள் வைத்த உச்சவரம்பு 90 டெசிபல். 5 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். பஞ்சு வைத்தால் நிற்காது, ஃபோம் இயர் பிளக் வாங்குங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் உடனே என்ன செய்வது?

மெஷினை நிறுத்துங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். மஞ்சள், காபித்தூள், சிமென்ட் எதையும் அப்பாதீர்கள். துண்டைத் தேடி எடுங்கள், சின்னதாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். சலைனிலோ சுத்தமான தண்ணீரிலோ நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். துண்டின் மேல் ஐஸ் நேராகப் படக்கூடாது, உறைந்துபோன சதை திரும்ப ஒட்டாது. 108-ஐக் கூப்பிடுங்கள். கை மைக்ரோ சர்ஜரி செய்கிற மருத்துவமனை எது, அதன் எண் என்ன என்பதை இன்றைக்கே சுவரில் எழுதி வையுங்கள். அடிபட்ட பிறகு நாலு இடம் அலைந்ததில்தான் பல விரல்கள் போயின.

எங்களிடம் ஐந்தே பேர். சட்டம், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எல்லாம் எங்களுக்கு உண்டா?

மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்று 1948 சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அதை 20 ஆக உயர்த்திவிட்டது. சின்னப் பட்டறைகளில்தான் அதிகம் கவனிப்பு தேவை, அங்கேயே வலையை மேலே தூக்கிவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

இஎஸ்ஐ 10 பேரிலிருந்து. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஆள் சேர்ந்த அன்றே பெயரைப் பதியுங்கள். அடிபட்ட மறுநாள் பதிவது எல்லோருக்கும் தெரிந்த தந்திரம், அது கடைசியில் அடிபட்டவர் தலையில்தான் விடியும்.

ஐந்து பேர் மட்டும் என்றாலும் முதலாளிக்குப் பொறுப்பு இல்லாமல் போகாது. மெஷின் ஓடுகிற உற்பத்திப் பட்டறையில் ஒரே ஆள் இருந்தாலும், இஎஸ்ஐ இல்லாதவருக்கு 1923-ம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் உண்டு, இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. ஒவ்வொரு விரலுக்கும் எவ்வளவு சதவீத ஊனம் என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. கட்டைவிரல் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, மோதிர விரல் முழுதும் போனால் 7, ஒரு கணு மட்டும் என்றால் 5. என்னுடையது 5.

வேலைக்கு வருகிற தம்பிகள் பீகார், ஒடிசா. தமிழ் போர்டு மாட்டி என்ன பயன்?

போர்டால் ஒன்றும் இல்லை. வந்த முதல் நாள் மெஷினைத் தொடவிடாமல் அரை நாள் பக்கத்தில் நிற்க வையுங்கள். அவசர ஸ்டாப் பட்டனை அவர் கையாலேயே நாலு தடவை அமுக்க வையுங்கள். ஏற்கெனவே வேலை செய்கிற அவர் ஊர்க்காரர் ஒருவரை விட்டு அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் இரண்டு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள்: "பந்த் கரோ" என்றால் நிறுத்து, "ஹாத் மத் டாலோ" என்றால் கையை உள்ளே விடாதே. புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதனால் கேட்காதீர்கள். செய்து காட்டச் சொல்லுங்கள்.